பாயின் நடுவில் விட்ட சப்பாத்து

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது உங்களில் ஒருத்திதான் கேட்டாள், “அந்த உழுந்துவடைக் காதனை ஞாபகம் இருக்கோடி?” என்று. எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தலைக்கு மை பூசுகிற வயசுக்கு எல்லாரும் வந்துவிட்டோம். ஆனாலும் அந்தக் காதைப் பற்றிக் கதை வந்ததும் எல்லாரும் அவரவர் காதைத் தொட்டுப் பார்த்தோமே, கவனித்தீர்களா?

பிறகு இன்னொருத்தி, “இவள் ஆர் எண்டு நினைச்சியள், சப்பாத்துத் தூக்கினவரின்ர மோளல்லோ” என்றாள். அதற்கும் சிரித்தோம். நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து கோப்பி ஊற்றிக் குடிக்கும்போது அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் இனிக்கவும் இல்லை. அதுதான் முழுவதையும் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எனக்கு எழுத்து வராது, அது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மடியில் பேத்தி இருந்து என் கண்ணாடியை இழுக்கிறாள். கதை எங்காவது வழி மாறிப் போனால் பிள்ளையைச் சாட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயசு. பலெர்மோவில் மாஃபியாவை அடக்கவென்று தெருமுனைக்குத் தெருமுனை பட்டாளம் நின்ற காலம். பட்டாளத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்த அம்மா, வியா மக்வேதாத் தெருவில் பச்சை உடுப்பைக் கண்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு தொப்பிக் கடைக்குள் ஓடினாள். கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல் ‘கிராட்சியே’. நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வந்தோம். இதை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருந்து சிரிப்பேன்.

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம். ரயில் வரும்போது தட்டுகள் தாமாகச் சத்தம் போடும். அம்மா சிஞ்ஞோராக்களின், அந்த இத்தாலிய அம்மாமாரின், வீடுகளில் மாடிப்படி கழுவினாள். எங்களிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற அந்தக் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். பின்னொரு காலத்தில் ஒரு கன்னியாஸ்திரி, “ஏன் பிள்ளையைக் கொண்டுவரவில்லை? நாங்கள் கடதாசி கேட்கமாட்டோமே” என்றார். அப்போது எனக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. அது வேறு கதை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எங்கே இருப்பாள்? அப்பாவோடு வேலைக்குப் போனாள்.

ஸ்டேஷன் பின்தெருவில் இப்போது கைத்தொலைபேசி விற்கிற இடத்தில் அந்த நாளில் மல்யுத்தம் பழகுகிற பலெஸ்த்ரா இருந்தது. உயரமான கூரை, உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகத் தகரம் அடித்த ஜன்னல். அப்பா அங்கே கூட்டுவார், துடைப்பார், திறப்பார், பூட்டுவார். உள்ளே போனதும் வியர்வையும் கற்பூரத் தைலமும் வரெக்கீனாவும் ஒன்றாக மூக்கில் அடிக்கும். வரெக்கீனா, அதுதான் நாங்கள் எல்லாரும் கை வெந்து வெளுக்கும்வரை பாவித்த அந்த வெளுக்கிற தண்ணீர்.

நடுவில் ஒரு வளவு அளவுக்கு மெத்தை விரித்திருக்கும். மத்தியில் மஞ்சள், சுற்றிவரச் சிவப்பு வளையம், அதற்கு வெளியே நீலம். அதில்தான் மல்லுக்கட்டுவார்கள். அப்பா அதைப் ‘பாய்’ என்பார். பாய் என்று பெயர் வைத்துவிட்ட பிறகு அதில் சப்பாத்தோடு மிதிக்கிறதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“கோதாரி விழுந்த சனம், பாயில சப்பாத்தோட ஏறுது பார் பிள்ளை. இவையளுக்குத் தாய் தகப்பன் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையோ?”

தான் துடைக்கப் போகும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரிப் போவார். பழக வருகிற சிசிலிப் பெடியள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தக் கொட்டகைக்குக் குளிர்காலத்தில் வந்தவர்தான் பின்லாந்துக்காரர். அந்தக் கொட்டகையை நடத்தின மல்யுத்தக் கழகம் சம்பளத்துக்குப் பிடித்து வந்த பாரக்காரர். மல்யுத்தத்தில் நிறைக்கு நிறை வகுப்பு உண்டு. இவர் ஆகக் கூடின வகுப்பு. கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். கழுத்து என்று ஒன்று கிடையாது, தலையை நேரே தோளில் இறக்கி வைத்த மாதிரி. புருவம்கூட வெள்ளை. காது இரண்டும் சுருண்டு தடித்து, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த உழுந்துவடை. அம்மா ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது அந்தக் காதைக் கண்டு, “ஐயோ, பிறவிக் குறை” என்று இரங்கி, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். பாயில் உரசி உரசி வந்த தடிப்பு அது, குறையே இல்லை என்று எண்ணெய் தேய்க்கிற கிழவர் சொன்ன பிறகும் அவள் கொளுத்துவதை நிறுத்தவில்லை. வீரர்களின் உடம்பு பிடித்துவிடுகிற சிசிலிக்காரர் அந்தக் கிழவர். பல் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் ஓயாது.

பின்லாந்துக்காரருடைய சப்பாத்து சிவப்புத் தோல். கணுக்காலுக்கு மேல் வரைக்கும் நாடா. பழகி முடிந்ததும் எந்த இடத்தில் நின்றாரோ அந்த இடத்திலேயே இருந்து அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு குளிக்கப் போய்விடுவார். அப்பா போய்ப் பொறுக்குவார். ஈரத் துணியால் அடியைத் துடைத்து, குதிகால் இரண்டும் ஒட்டி, மூக்கு வாசலைப் பார்க்க, கதவடியில் வைப்பார். வெளியே போகிற மனிதர் குனிந்து திருப்பிப் போடத் தேவையில்லை பாருங்கள். குளித்துவிட்டு வருகிறவர் அதைக் காண்பார். ஒவ்வொரு நாளும் புதிதாகக் காண்கிற மாதிரித்தான் காண்பார். “கிராட்சியே, கப்பித்தானோ” என்று தலை குனிவார். ஊரில், எங்கள் தீவில், அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது என்று நான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அப்பா கப்பித்தானோ, கப்பல் கப்டன். பலெர்மோவில் அப்பாவை மரியாதையாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

அவருக்கு ஊரிலிருந்து பார்சல் வரும். கறுப்புப் பாண், கல் மாதிரி. ஒருமுறை அதைப் பழுதான பாண் என்று நினைத்து அம்மா புறாக்களுக்குப் போட்டுவிட்டாள். புறாவும் தொடவில்லை. அவர் பார்த்துவிட்டுக் கோபப்படாமல் முற்றத்தில் குந்தி, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஊதித் தின்றார். அதிலேயே கறுப்பாக ஒரு மிட்டாயும் வரும், உப்பு. உங்களில் இரண்டு பேர் அதை வாயில் போட்டுவிட்டு ஸ்டேஷன் குழாயடி மட்டும் துப்பிக்கொண்டு ஓடினீர்கள். ஆர் என்று சொல்லமாட்டேன்.

அவருடைய வாழ்க்கையை பாயோரத்து வாங்குப் பலகையில் இருந்தபடி துண்டு துண்டாகத்தான் சொன்னார். அவருக்கு அரைகுறை இத்தாலியன், எனக்குத் தெருவில் பொறுக்கின இத்தாலியன், மிச்சம் கையும் முகமும். மரம் அரிகிற ஆலை உள்ள ஊரில் பிறந்தவர். தகப்பன் மரம் அடுக்குகிறவர். மத்தியானத்திலேயே இருட்டிவிடுகிற குளிர்காலம். தொழிலாளர் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு எரிகிற ஒரு அறை, அங்கே பெடியள் எல்லாரும் மல்லுக்கட்டுவார்களாம். இடுப்புக்குக் கீழே தொடக்கூடாத மல்லு அது. குப்புறக் கிடக்கிறவனைச் சுற்றிக் கட்டிப் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேலால் பின்னுக்கு எறிய வேண்டும். மரம் தூக்கிப் பழகின உடம்பு, இவர் ஊரில் எல்லாரையும் எறிந்தார். பட்டினத்துக்குப் போனார். அங்கே ‘மற்றவன்’ இருந்தான்.

மற்றவனுக்கு அவர் பெயர் சொல்லவேயில்லை. அந்தப் பார வகுப்பில் ஒரு நாட்டுக்கு ஒரு ஆள்தான் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாமாம். ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியால் மற்றவன் போவான். இவர் ஊரில் நின்று அவனுக்குப் பழக ஆளாக இருப்பார். அதாவது எறிவதற்கு ஒரு ஆள். ஒருமுறை மற்றவனுக்குக் காய்ச்சல். இவர் போய் ஐரோப்பாவிலேயே மூன்றாவதாக வந்தார். அந்த வெண்கலப் பதக்கத்தைக் காலுறைக்குள் போட்டு வைத்திருந்தார். மற்றவனுக்குக் காய்ச்சல் மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஜெர்மனியில் பியர் மணக்கிற மண்டபங்களில் சனிக்கிழமை தோறும் கூலிக்கு மல்லு. அதற்கும் வயசு கூடின பிறகு பலெர்மோ.

எனக்கு இதில் பாதி விளங்கவில்லை. அப்பாவிடம், “இவர் எப்பவும் ரெண்டாவதாம்” என்று மட்டும் சொன்னேன்.

“ரெண்டாவது எண்டா என்ன குறை? எத்தினை பேரில ரெண்டாவது எண்டு கேள்.”

கேட்டேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கிழவர் எண்ணெய்ப் போத்தலைத் தட்டி ஊற்றிவிட்டார்.

இனிக் கழகத் தலைவர். தளபாடக் கடை வைத்திருந்த பெரிய மனிதர். அவர் வந்து போனபிறகும் அவருடைய வாசனைத் தண்ணீர் கொட்டகையில் நெடுநேரம் நிற்கும். அப்பாவைக் காண்கிறபோதெல்லாம் தோளில் தட்டி, “உன்னுடைய கடதாசி, ஓம், ஓம், பார்ப்போம்” என்பார். அவர் முதலாளியாகக் கையெழுத்து வைத்தால் எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ வரும். வைக்காமலே காலம் போய்க்கொண்டிருந்தது. அம்மா அவர் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சட்டை தேய்த்துக் கொடுப்பாள்.

வெயில் வரத் தொடங்கின ஒரு நாள் தலைவர் எல்லாரையும் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், கடற்கரையில் சாப்பாடு. எங்களையும் ஏற்றினார்கள். சிப்பி அவித்த சட்டி கொதிக்கக் கொதிக்க வந்தது. பின்லாந்துக்காரர் கதைத்துக்கொண்டே இடது கையை அந்தச் சட்டியின் விளிம்பில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நான்தான் கத்தினேன். பார்த்தால் விரல் தோல் சிவந்து பொங்கியிருக்கிறது, அவருக்குத் தெரியவேயில்லை.

“பாருங்கள், என்னுடைய மலைக்கு நெருப்பும் சுடாது!” என்று தலைவர் மேசையில் அடித்துச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடலோரக் கல்லில் அப்பாவும் அவரும் இருந்தார்கள், நடுவில் நான். பின்லாந்துக்காரர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே என்னவோ நசிந்துவிட்டதாம். கை மரத்துப் போகிறதாம். இன்னொருமுறை கழுத்து அடிபட விழுந்தால் கை திரும்பி வராது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். “கோடையோடு சரி. நான் வீடு. தம்பி இருக்கிறான். ஏரி இருக்கிறது. மீன்.”

“ஊருக்குப் போய் மீன் பிடிக்கப் போறாராம் அப்பா. அங்க தண்ணி கல்லாப் போகுமாம். அதில துளை போட்டுப் பிடிப்பினமாம்.”

“கடல் கல்லாகுமோ? விசர்க்கதை.” ஆனால் அப்பாவின் முகம் எல்லாம் சிரிப்பு. “நல்லது. போகச் சொல்லு. ரெண்டு கையோட போய்ச் சேரச் சொல்லு.”

அப்படியே சொன்னேன். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தார். இதை நீங்கள் மறக்கக்கூடாது. அவர் போக வேண்டும் என்றுதான் அப்பாவும் விரும்பினார்.

அன்றிலிருந்து அம்மா நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்துவிடுவாள். அவளுடைய கணக்கில் அது வாதம்.

அந்தக் கோடையின் கடைசிப் போட்டிக்கு நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். மண்டபத்தின் மேல் வாங்கு முழுக்கத் தமிழ்ச் சனம், கையில் கடலைவடைப் பொட்டலம். யாருக்கும் மல்யுத்தம் விளங்காது. ஆனால் எங்களுடைய ஆள் என்று ஒருவர் பலெர்மோவில் இருந்தால் போகத்தானே வேண்டும்? எதிராளி வடக்கிலிருந்து வந்த இளந்தாரி. கனநேரம் இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நின்றார்கள், மாடுகள் மாதிரி. பிறகு இளந்தாரி குப்புறப் போனான். இவர் மேலே விழுந்து சுற்றிப் பிடித்தார். இடது கை வழுக்கியது. வலது கையால் அந்த இடது மணிக்கட்டைப் பிடித்து, தன் கையைத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டு தூக்கினார். அந்தப் பெரிய உடம்பு தலைகீழாகக் காற்றில் நின்றது. பாய் அதிர்ந்த சத்தம் என் பல்லில் கேட்டது.

வென்றார். மத்தியஸ்தர் கையை உயர்த்தினார். எல்லாம் முடிந்தது, ஆனால் அவர் இறங்கவில்லை. மஞ்சள் வட்டத்தின் நடுவில் போய் இருந்தார். சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். இடது விரல்கள் சொல் கேட்கவில்லை, ஒரு முடிச்சை அவிழ்க்க ஒரு யுகம். மண்டபம் வாங்கு வாங்காக எழும்பி நின்றது, ஒரு சத்தமில்லை. இரண்டையும் கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாயை ஒருமுறை கையால் தடவினார். எழும்பி வெறுங்காலோடு நடந்தார். வயசான ஆம்பிளைகள் கண்ணைத் துடைத்தார்கள். எங்கள் வாங்கில், “ஏன் சனம் அழுது? வெண்டவர்தானே?” என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா பாயின் ஓரத்தில் வாளியோடும் துணியோடும் நின்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மனிதர் வழக்கம்போலச் சப்பாத்தைப் பாயில் விட்டுவிட்டார், ஊருக்குப் போகிற மனிதர், இத்தனை சனத்துக்கு முன்னால் வெறுங்காலோடு போகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். அந்த அமைதிக்குள் அப்பாவின் பாதம் பாயில் டப்டப்பென்று கேட்டது. சப்பாத்தை எடுத்தார். சட்டை நுனியால் அடியைத் துடைத்தார். பின்னாலேயே ஓடிப் போய், அவருடைய காலடியில் முழங்காலில் குந்தி, குதிகால் இரண்டும் ஒட்ட வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

மண்டபம் வெடித்தது. கூரை போய்விடும் என்று நினைத்தேன். அப்படியொரு சத்தம், அப்படியொரு கைதட்டல், தெரியாத மனிதர்கள் என்னைத் தூக்கி முத்தமிட்டார்கள். பின்லாந்துக்காரர் அப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா தலையை ஆட்டினார், எங்கள் ஊர்த் தலையாட்டல், “போடுங்கோ, போடுங்கோ” என்று. தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கி, “போகவில்லை! இவர் போகவில்லை! பலெர்மோ விடாது!” என்று கத்தினார். அந்த மனிதர் இருந்து, ஒரு காலைப் போட்டார். பிறகு மற்றக் காலைப் போட்டார். நாடாவை அப்பாதான் கட்டிவிட்டார்.

“என்னவாம் பிள்ளை?”

“இவர் போகேல்லையாம் அப்பா!”

“ஏன், தலைவர் கூடச் சம்பளம் குடுக்கிறாரோ?” என்று கேட்டுவிட்டுக் கைதட்டுகிற சனத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தன்னுடைய மரியாதையைத்தான் சனம் பாராட்டுகிறது என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கும்தான். அப்படியொரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்திலும் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

அடுத்த நாள் பேப்பரில் படம். அப்பா முழங்காலில், கையில் சப்பாத்து. தலைவர் அந்தக் கிழமையே கையெழுத்து வைத்தார். “இவன் எங்கள் கழகத்தின் இதயம்” என்று எல்லாரிடமும் சொன்னாராம். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவின் வரிசையில் விடிய முன்னம் போய் நின்று, பெர்மெஸ்ஸோவோடு வெளியே வந்த அம்மா படியில் இருந்து அழுதாள். படத்தைச் சட்டம் போட்டுத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஆட்டிறைச்சியும் புட்டும் செய்து பின்லாந்துக்காரரையும் கூப்பிட்டோம். எங்கள் ஒரே கதிரை அவரைத் தாங்கவில்லை, நிலத்தில் பாயில் இருந்து சாப்பிட்டார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

கார்த்திகை மழையில் அது நடந்தது. நான் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார். வேறு ஊர்ப் போட்டியில் ஒருவன் இவரைத் தூக்கிக் கழுத்தடியில் போட்டான். கை போய்விட்டது. விரலிலிருந்து தோள் வரைக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அந்தக் கை கோட்டுப் பையில் இருந்தது. யாரோ வைத்துவிட்ட சாமான் மாதிரி.

அப்பா கிழவரிடம் கேட்கச் சொன்னார். “கேள் பிள்ளை, கோடையோட போறன் எண்டு சொன்ன மனுசன் ஏன் நிண்டவர்? காசுக்கே?”

நான் கேட்டேன். கிழவர் எண்ணெய்க் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“என்னிடம் கேட்கிறானா? சப்பாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் இவன். மல்லன் சப்பாத்தைப் பாயின் நடுவில் விட்டால் முடிந்தது என்று அர்த்தம். இனி இல்லை என்று. அதைத் தொடுகிறவன் கிடையாது. இவன் எடுத்துக்கொண்டு போய் முழங்காலில் நின்று, போகாதே என்று கெஞ்சினான். மண்டபமே பார்த்தது. நானும் அழுதேன்.” பிறகு குரலைத் தணித்து, “இவனுக்குத் தெரியாதா?” என்றார்.

இதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியவள் நான். சொன்னேன். அப்பா வாளியை நிலத்தில் வைத்தார். “திருப்பிச் சொல்லு” என்றார். திருப்பிச் சொன்னேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அம்மா கழுவுகிற வேலையால் வந்தவள் கையைக்கூடத் துடைக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, என்னத்துக்குக் கழட்டினனியள்?”

அப்பா சொன்னார்.

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு படத்தை எடுத்துத் தூசி தட்டித் திரும்பவும் ஆணியில் மாட்டினாள். “இந்தப் படத்தாலதான் நாங்கள் இஞ்சை இருக்கிறம். தலைவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தாரெண்டா, எங்கை எண்டு கேட்டாரெண்டா? வாற மாதம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும். தெரியாமச் செய்ததுக்கு ஆர் என்ன செய்யிறது?”

பின்லாந்துக்காரர் ஊருக்குப் போன நாள் ஸ்டேஷனில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தலைவர் வரவில்லை. கப்பலில் ஏறிக் கடல் தாண்டுகிற அந்த நீள ரயில். அவர் ஒரு சொப்பின் பையை அப்பாவிடம் நீட்டினார். உள்ளே சிவப்புச் சப்பாத்து. கை கூடாது, இனி நாடா கட்டமுடியாது, வைத்துக்கொள் என்றார். பிறகு என்னைப் பார்த்து மெல்ல மெல்ல, நான் பிழை விடாமல் சொல்லவேண்டும் என்கிற மாதிரிச் சொன்னார்: “என்னுடைய நாட்டில் எல்லாரும் எனக்கு, காணும், விட்டுவிடு என்றுதான் சொன்னார்கள். இருபது வருடம் அதைத்தான் சொன்னார்கள். ஒருவன்தான் என் சப்பாத்தை எடுத்து வந்து, நில் என்று சொன்னான். கப்பித்தானோவுக்குச் சொல்.”

சொன்னேன். அப்பா என் கையை எட்டிப் பிடித்தார்.

“பிள்ளை, இவருக்குச் சொல்லு. நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு. எனக்குத் தெரியாது எண்டு. வெறுங்காலோட போறாரே எண்டுதான் எடுத்தனான், வேற ஒண்டும் இல்லை எண்டு சொல்லு. போங்கோ எண்டுதான் நான்…”

நான் வாய் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“சொல்லாத. கையும் போட்டுது. அதையாவது கொண்டு போகட்டும்.”

அது அந்த மனிதருக்காகச் சொன்னதா, வாற மாதத்துக் கடதாசிக்காகச் சொன்னதா? அம்மா சாகும்வரை நான் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் நானும் அப்படிப்பட்ட பொய்களோடு இருந்திருக்கிறேன். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறபோது மட்டும் அம்மாமேல் கோபம் வரும், இன்றைக்கும் வரும்.

“கவனமாகப் போங்கள் என்று அப்பா சொல்கிறார்” என்று இத்தாலியனில் சொன்னேன். ரயில் வெளிக்கிட்டது. அவர் நல்ல கையால் காட்டினார்.

அம்மா வேலைக்குப் போய்விட்டாள். அப்பா பையோடு நேரே கொட்டகைக்கு வந்தார், நான் பின்னால். மத்தியானம், யாரும் இல்லை. செருப்பைக் கழற்றினார். பாயின் நடுவுக்குப் போய், மஞ்சள் வட்டத்தில் அந்தச் சப்பாத்து இரண்டையும் வைத்தார், அவர் வைத்த மாதிரியே, பக்கத்தில் பக்கத்தில். பாயை ஒருமுறை கையால் தடவினார். வந்து என்னோடு வாங்கில் இருந்தார்.

“இண்டைக்கு அது அங்கை கிடக்கட்டும்” என்றார்.

பின்னேரம் பெடியள் வந்தார்கள். கிழவர் கண்டு தொப்பியைக் கழற்றினார். பெடியளும் சப்பாத்துக்குக் கிட்டப் போகாமல் ஓரத்தில் நின்றார்கள். பிறகு வாசனைத் தண்ணீர் வந்தது, அதற்குப் பின்னால் தலைவர், அவரோடு ஒரு புதுப் பாரக்காரன், பல்கேரியாவோ எங்கோ, இருபது வயசு, காது இன்னும் நல்ல காது. தலைவர் பாயைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

“இந்தக் குப்பை என்ன இங்கே? பையன் பழக வேண்டும். எடு.”

அந்தச் சொல் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். நாளுக்கு எத்தனை முறை கேட்கிற சொல். ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

“என்னவாம்?”

“எடுக்கட்டாம் அப்பா.”

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா எழும்பினார். வெறுங்காலோடு பாயில் நடந்தார், ஓடவில்லை. குனிந்து எடுத்தார். கை தன் பாட்டில் சட்டை நுனியைப் பிடித்து அடியைத் துடைத்தது. கதவடியில் வைத்தார், குதிகால் இரண்டும் ஒட்டி, மூக்கு வாசலைப் பார்க்க. புதுப் பெடியன் “கிராட்சியே” என்றான். ஒருவரும் கைதட்டவில்லை.

அந்தச் சப்பாத்து எங்கள் வீட்டு வாசலில் எங்களுடைய செருப்புகளோடு கனகாலம் கிடந்தது. ஒரு வீடு மாறலில் காணாமல் போனது. படமும் அதோடு போனது. அப்பா அந்தக் கொட்டகையில் ஓய்வு பெறும்வரை இருந்தார். அதற்குப் பிறகு ஒருவருடைய சப்பாத்தையும் அவர் கையால் எடுக்கவில்லை. பாயில் கிடந்தால் கூட்டுகிற தும்புத்தடியால் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்.

அடுத்த ஞாயிறு அந்தக் காதைப் பற்றிச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். உப்பு மிட்டாயைச் சொல்லுங்கள், புறாவைச் சொல்லுங்கள். சப்பாத்தை மட்டும் எடுக்கவேண்டாம். கோயில் வாசலில் நீங்கள் சிரித்தபோது அப்பா எங்களுக்குப் பின்னால் தீர்த்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். வயசு எண்பதுக்குக் கிட்ட வந்துவிட்டது. கண் மங்கிவிட்டது. காது மட்டும் நல்லாக் கேட்கும்.